மாப்பிள்ளை செய்த பில்லியர்ட்ஸ் மேஜையைப் பற்றிச் சில குறைகள்

ரூசே,
மார்ச் 2, ஞாயிற்றுக்கிழமை.

அன்பும் மரியாதையும் மிக்க மாப்பிள்ளை யாசென் அவர்களுக்கு, மாமனார் போகோமில் தசேவ் எழுதிக்கொண்டது.

நீங்களும் என் மகள் எலிட்சாவும் சோபியாவில் சளி, இருமல், வீட்டுக்காரர் தொல்லை எதுவும் இல்லாமல் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் உங்கள் அத்தை ராத்காவும் நலம். என் இடது முழங்கால் மட்டும் எல்லா விஷயத்திலும் தனி அபிப்பிராயம் வைத்திருக்கிறது. டான்யூப் மேல் பனிமூட்டம் மூன்று நாளாக விலகவில்லை. எதிர்க்கரையில் ருமேனியா இருக்கிறது என்பதை நம்பிக்கையின்பேரில்தான் ஒத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. மார்ச் பிறந்துவிட்டதால், வழக்கப்படி கையில் கட்டிக்கொள்ள, உங்கள் இருவருக்கும் சிவப்பும் வெள்ளையுமாக முறுக்கிய கைநூல் இரண்டு இத்துடன் வைத்திருக்கிறேன். அத்தை தன் கையால் முறுக்கியது. கடிதத்தை மின்னஞ்சலில் அனுப்பாமல் தபாலில் அனுப்புவதற்கு இந்த நூல் ஒரு காரணம். இன்னொரு காரணம், மின்னஞ்சலை யாரும் பாதியில் மூடிவிடலாம். ஏழு பக்கக் காகிதத்தை எங்கேயாவது வைத்துத்தான் ஆக வேண்டும். வைத்த இடத்தில் அது கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும்.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கம்பெனியின் ஏழு பேரும் வருகிற வெள்ளிக்கிழமை கூடி, நீங்கள் கம்ப்யூட்டரில் செய்த பில்லியர்ட்ஸ் விளையாட்டை நிஜ ஆட்டக்காரர்களுக்காகவே இன்னும் மெருகேற்றுவதா, இல்லை பந்துகளுக்குக் கண்ணும் மூக்கும் வரைந்து குழந்தைகளுக்கு விற்றுவிடுவதா என்று முடிவு செய்யப்போவதாகச் சொன்னீர்கள். "மாமா, நீங்க முப்பது வருஷமா ஆடறவர். முகதாட்சண்யம் பார்க்காம உள்ளதை உள்ளபடி எழுதுங்க. கூட்டத்துல நானே படிச்சுக் காட்டறேன்" என்று நீங்கள் ஃபோனில் சொன்னது எனக்குப் பெருமையாக இருந்தது. பத்து நிமிடம் கழித்து எலிட்சா தனியாகக் கூப்பிட்டாள். "அப்பா, ரெண்டு வருஷமா அவர் அந்தப் பந்துங்களோடதான் குடித்தனம் நடத்தறார். உள்ளதை எழுதுங்க. ஆனா உள்ளது எல்லாத்தையும் எழுதணும்னு ஒண்ணும் இல்ல" என்றாள். நான் இருவர் சொல்லையும் மதிக்கிறவன். உள்ளதை எழுதுகிறேன், எல்லாவற்றையும் எழுதவில்லை.

முதலில் உங்கள் விளையாட்டு எங்கள் வாழ்க்கைக்குள் எப்படி நுழைந்தது என்பது உங்கள் கூட்டாளிகளுக்குத் தெரிய வேண்டும். ஜனவரி முதல் வாரத்தில், நாங்கள் ஆடும் 'மூன்று நங்கூரம்' மண்டபத்தின் மேல்மாடியில் வெந்நீர்க் குழாய் வெடித்தது. நான்கு மேஜைகளின் பச்சைத் துணியும் சூப்பில் ஊறிய ரொட்டி மாதிரி ஆகிவிட்டது. ஏழு வாரம் மண்டபம் கிடையாது என்றார்கள். பிப்ரவரி பதினைந்தாம் தேதியோ சிலிஸ்த்ராவில் எங்களுக்குப் போட்டி. தோற்றால் முதல் பிரிவிலிருந்து இரண்டாம் பிரிவுக்கு இறங்க வேண்டும். இரண்டாம் பிரிவு என்றால், மேஜையின் காலுக்கு அடியில் பீர் அட்டையை மடித்துச் செருகி வைத்திருக்கும் ஊர்களுக்கெல்லாம் பேருந்தில் போய் ஆட வேண்டும் என்று அர்த்தம். எங்கள் அணியில் மூன்றே பேர். தலைவர் நான். அடுத்தது பல் டாக்டர் நேனோ. மூன்றாவது தோன்கா. மூன்றாவது என்று எழுதினேனே தவிர, ஆட்டத்தில் முதல் ஆள் அவர்தான். மருந்துக் கடையில் முப்பத்தைந்து வருடம் மாத்திரை எண்ணிய பெண்மணியின் கை. நடுக்கம் என்றால் என்ன என்றே அதற்குத் தெரியாது. நானும் தோன்காவும் இருபத்திரண்டு வருடமாகச் செவ்வாய்க்கிழமை தோறும் பதினொரு மணிக்கு ஆடுகிறோம். என் மகள் கல்யாணத்தன்றுகூட, அது சனிக்கிழமையாக அமைந்துவிட்டதால், ஆட்டம் தடைபடவில்லை.

அந்த நேரத்தில்தான் உங்கள் விளையாட்டு வந்து சேர்ந்தது. அணித்தலைவர் என்ற முறையில் நான் நேனோவின் கிளினிக்கில், நோயாளிகள் உட்காரும் பெஞ்சில், ஒரு அவசரக் கூட்டம் போட்டேன். "மண்டபம் திறக்கிறவரைக்கும் நாம மூணு பேரும் என் மாப்பிள்ளை செஞ்ச மேஜையில பயிற்சி எடுக்கிறோம்" என்று அறிவித்தேன்.

தோன்கா கோட்டைக்கூடக் கழற்றவில்லை. "கண்ணாடிக்குள்ள இருக்கிற பந்தை நான் எதுக்குத் தசேவ் அடிக்கணும்? அது என்னை என்ன பண்ணிச்சு?" என்றார்.

"நிஜ மேஜை மாதிரியே இருக்கும் தோன்கா. மாப்பிள்ளை ரெண்டு வருஷம் உழைச்சிருக்கார்."

"மாதிரியே இருக்கிறதுல மட்டும் ஆடினா, நாமும் ஆட்டக்காரங்க மாதிரியே ஆயிடுவோம்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். வீட்டில் இஸ்திரிப் பலகை மேல் காலிப் பால் பாட்டிலைப் படுக்க வைத்து, அதன் வாய்க்குள் கோல் இடிக்காமல் போய்வரும்படி தினமும் இருநூறு தடவை நீட்டி இழுத்துப் பயிற்சி செய்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். நானும் நேனோவும் உங்கள் பக்கம் வந்தோம்.

இனிக் குறைகள். முதலாவது குறை மவுஸ். நிஜத்தில் கோலைப் பின்னால் இழுத்து முன்னால் விடுகிறோம். உங்கள் விளையாட்டிலும் மவுஸைப் பின்னால் இழுத்து முன்னால் தள்ள வேண்டும். யோசனை நல்ல யோசனை, மறுக்கவில்லை. ஆனால் கம்ப்யூட்டர் எங்கள் வீட்டில் சமையலறை மேஜையில் இருக்கிறது. அடுக்கி வைத்த பந்துகளை உடைத்துச் சிதறடிக்கும் முதல் அடியை முழு பலத்தோடு அடிக்க வேண்டும். நான் முழு பலத்தோடு மவுஸைப் பின்னால் இழுத்தேன். என் முழங்கை, அத்தை செப்டம்பரில் ஒரு வாரம் மிளகாயைச் சுட்டு உரித்து அரைத்து வைத்திருந்த லியூடெனிட்சா ஜாடியைச் சந்தித்தது. ஜாடி நிதானமாக ஒரு சுற்றுச் சுற்றி, மேஜை ஓரத்தில் ஒரு நொடி யோசித்து, பிறகு விழுந்தது. அந்தச் சுழற்சி உங்கள் விளையாட்டில் எந்தப் பந்தும் சுழலாத அளவுக்கு இயற்கையாக இருந்தது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். அத்தை வந்து தரையைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "பந்து விழுந்ததா?" என்று மட்டும் கேட்டாள். விழவில்லை என்றேன். "அதாவது விழுந்திருக்கலாம்" என்றாள். அன்றிலிருந்து நான் ஆட உட்காரும்போது அலமாரியைப் பூட்டிவிடுகிறாள்.

இரண்டாவது குறை கோடு. வெள்ளைப் பந்திலிருந்து ஒரு மெல்லிய கோடு கிளம்பி, எண் போட்ட பந்தைத் தொட்டு, அது எந்தப் பாக்கெட்டுக்குப் போகும் என்பதையும் காட்டிக்கொடுத்துவிடுகிறது. பரீட்சைத் தாளிலேயே விடையை வெளிர் எழுத்தில் அச்சடித்துக் கொடுப்பது போன்ற காரியம் இது. "அதை அணைச்சிடலாம் மாமா" என்றீர்கள். அணைத்தேன். இரண்டு நாள் கௌரவமாக ஆடினேன். மூன்றாம் நாள், அணைத்த இடத்திலேயே அது பத்திரமாக இருக்கிறதா என்று பார்ப்பதற்காகப் போட்டேன். பிறகு அணைக்க மறந்துவிட்டேன். இதில் என் தவறு எவ்வளவு, உங்கள் தவறு எவ்வளவு என்று பிரிப்பது கஷ்டம். அணைக்கக்கூடிய பொத்தானை வைத்தவர் போடக்கூடிய பொத்தானை ஏன் வைத்தார் என்பதுதான் என் கேள்வி.

அடுத்தது ஈரம். உங்கள் மேஜையில் வானிலையே கிடையாது. ரூசேயில் பனிமூட்டம் இறங்கினால் துணி ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், பந்து சோம்பேறியாகும், ஓரத்து ரப்பர் குஷன் மந்தமாகும்; அதே அடிக்கு நேற்று மூன்று குஷனில் மோதித் திரும்பிய பந்து இன்று இரண்டாவதிலேயே உட்கார்ந்துகொள்ளும். கையில் பட்ட அழுக்கு பந்திலும் படும். அழுக்குப் பந்தை ஓரமாகத் தொட்டால், அது வெள்ளைப் பந்தோடு கொஞ்ச தூரம் ஒட்டிக்கொண்டு போய், பாக்கெட்டுக்கு ஒரு விரல் தள்ளி நிற்கும். உங்கள் பந்துகள் குளித்து முடித்துவிட்டு வந்தவை போல எப்போதும் ஒரே மாதிரி இருக்கின்றன. அதனால் உடைக்கும் அடியும் ஒரே மாதிரிதான். வெள்ளைப் பந்தை இடது பக்கம் ஒரு சாண் தள்ளி வைத்து ஒரே பலத்தில் அடித்தால், ஒவ்வொரு முறையும் ஓரத்துப் பந்து சொல்லி வைத்தாற்போலப் பாக்கெட்டுக்குள் போகிறது. இதை நான் ஜனவரி இருபத்தொன்றாம் தேதி கண்டுபிடித்தேன். உடனே உங்களுக்குத் தெரிவித்திருக்க வேண்டும். நாற்பத்தெட்டு ஆட்டம் ஜெயித்த பிறகு தெரிவிக்கிறேன்.

பிறகு, அந்த ஆள். உங்கள் விளையாட்டில் கோல் இருக்கிறது, கோலைப் பிடித்திருக்கும் ஆளைக் காணோம். மேஜையின் எந்த மூலையில் பந்து கிடந்தாலும், நட்ட நடுவில் கிடந்தாலும், கோல் மட்டும் காற்றில் மிதந்து போய் அடிக்கிறது. ஒரு நாள் அத்தை பின்னால் நின்று காப்பி குடித்துக்கொண்டே பார்த்தாள். "இந்த ஆளுக்கு வயிறே கிடையாதா?" என்று கேட்டாள். எனக்கு அப்போது அது சமையலறைப் பேச்சாகத்தான் பட்டது. ஒரு நிபுணரின் விமரிசனம் அது என்பது சிலிஸ்த்ராவில்தான் புரிந்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

ஆறாவதோ ஏழாவதோ, எதிராளி. உங்கள் கம்ப்யூட்டர் எதிராளி நான்கு நொடி யோசிக்கிறான், அடிக்கிறான். எப்போதும் அடிக்கிறான். நல்ல ஆட்டக்காரன் தனக்கு வழி இல்லை என்று தெரிந்தால், வெள்ளைப் பந்தை இன்னொரு பந்துக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டு, "ஆடுப்பா பார்க்கலாம்" என்று நாற்காலியில் போய் உட்காருவான். உங்கள் எதிராளிக்கு அந்த அல்ப புத்தி அறவே இல்லை. அவன் இருமுவதில்லை, பேச்சுக் கொடுப்பதில்லை, நான் குனியும் நேரம் பார்த்து மூக்குச் சிந்துவதில்லை. இவ்வளவு நல்லவனோடு பழகினால் மனிதன் கெட்டுப்போவான். நேனோ என்னைவிட மோசம். கிளினிக்கில் ஊசி போட்டுவிட்டு மரத்துப்போகிறவரை காத்திருக்கும் பத்து நிமிடத்தில் ஆட ஆரம்பித்தார். வாயில் பஞ்சோடு படுத்திருந்த ஒரு அம்மாள் திரையைக் காட்டி ஏதோ "ங்ங்... ங்ங்" என்று தவித்தாராம். வலி என்று நினைத்து இன்னொரு ஊசி போட்டுவிட்டார். பஞ்சை எடுத்த பிறகு அந்த அம்மாள், "ஏழாம் நம்பரை நடுப் பாக்கெட்டுல போட்டிருக்கலாம் டாக்டர்னு சொன்னேன்" என்றாராம். மாலை வரை அவருக்கு உதட்டில் உணர்வு திரும்பவில்லை.

இப்படியாக பிப்ரவரி பத்தாம் தேதி நான் 'மகா வல்லவன்' என்ற கடைசி நிலை எதிராளியை ஒன்பதுக்குப் பூஜ்யம் என்று ஜெயித்தேன். திரையில் வண்ணக் காகிதம் பறந்தது. அறுபத்தாறு வயதில் எனக்காக யாரும் காகிதம் பறக்கவிட்டதில்லை. உண்மையைச் சொன்னால், மாப்பிள்ளை, நான் எழுந்து நின்றேன். சமையலறையில் நான் ஒருவன்தான், இருந்தாலும் நின்றேன். தோன்காவுக்கு ஃபோன் செய்து, "கவலைப்படாதே, இந்த வருஷம் நான் பார்த்துக்கறேன்" என்று சொன்னேன். "பால் பாட்டில் உடைஞ்சிடப் போகுது, வெச்சுடறேன்" என்றார்.

சிலிஸ்த்ராவுக்கு மூவரும் காலைப் பேருந்தில் போனோம். முதல் ஆட்டம் தோன்காவுக்கு. பன்னிரண்டு நாள் பட்டினி கிடந்தவர் சாப்பாட்டைப் பார்ப்பது போல அந்த மேஜையைப் பார்த்தார். ஏழுக்கு மூன்று என்று ஜெயித்தார். முடித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்தார். இரண்டாவது நேனோ. ஐந்துக்கு ஏழு தோற்றார். தோற்ற பிறகும் கொஞ்ச நேரம் மேஜையையே பார்த்துக்கொண்டு நின்றார், பந்துகள் தாமாகவே அடுக்கிக்கொள்ளும் என்று எதிர்பார்த்தவர் போல. ஆக, எல்லாம் என் தலையில் வந்து நின்றது.

எனக்கு எதிராளி வெலிச்கோ. நாற்பது வருடம் இழுவைப் படகு ஓட்டிய மனிதர். ஆற்றுக்கு அக்கரையில் இருப்பவனோடு பேசிப் பழகிய குரல். நான் முதல் பந்துக்குக் குனிந்தேன். குனிந்தவன் அப்படியே இருந்தேன். "என்ன தசேவ், இடுப்பு பிடிச்சுக்கிச்சா?" என்று வெலிச்கோ கேட்டார். இடுப்பு இல்லை. கோடு வரும் என்று காத்திருந்தேன். மேஜையில் கோடு வராது என்பது எனக்குத் தெரியும்; என் கண்ணுக்குத் தெரியவில்லை. அடித்தேன், கோல் நுனி வெள்ளைப் பந்தில் வழுக்கி 'டக்' என்று ஒரு அசிங்கமான சத்தம். ஐந்து வாரமாக நான் நுனியில் சாக்குக்கட்டி தேய்க்கவே இல்லை, ஏனென்றால் உங்கள் விளையாட்டில் அந்த வேலையே கிடையாது. தோற்றதற்குச் சாக்குச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். சாக்கு இல்லாததுதான் காரணம் என்கிறேன்.

மூன்றுக்கு மூன்று என்று இருந்தபோது அந்தக் காரியம் நடந்தது. இதை உங்கள் கூட்டாளிகளிடம் படிக்கும்போது தயவுசெய்து குரலைத் தாழ்த்திப் படியுங்கள். பந்துகள் சிக்கலாகக் கிடந்தன. உங்கள் விளையாட்டில் இப்படி ஆனால் ஒரு பொத்தானை அழுத்துவேன், மேஜை முழுவதும் மேலிருந்து தெரியும். நான் யோசித்துக்கொண்டே சுற்றி வந்தேன். யோசித்துக்கொண்டே, என்ன செய்கிறேன் என்ற நினைப்பே இல்லாமல், சுவரோரம் கிடந்த நாற்காலியை இழுத்துப் போட்டு அதன் மேல் ஏறி நின்று மேஜையைப் பார்த்தேன். பார்வை அருமையாக இருந்தது. எல்லாம் புரிந்தது. மண்டபத்தில் எல்லோரும் என் பக்கம் திரும்பியதும்தான் எனக்கு உறைத்தது.

நடுவர் அம்மாள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "ஐயா, நீங்க என்ன பண்றீங்க?" என்றார்.

வெலிச்கோ, "விடுங்க மேடம், பல்பு மாத்தப் போறார் போல. எங்க மண்டபத்துல வெளிச்சம் பத்தலைன்னு நானும்தான் சொல்லிட்டே இருக்கேன்" என்றார்.

இறங்கினேன். எச்சரிக்கை கொடுத்தார்கள். விதிப்புத்தகத்தில் நாற்காலியைப் பற்றி ஒன்றும் இல்லாததால் எந்தப் பிரிவில் எச்சரிப்பது என்று தேடவே ஐந்து நிமிடம் ஆயிற்று. தோன்கா உரித்த ஆரஞ்சைத் தின்னாமல் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் நான் மனதைத் திடப்படுத்திக்கொண்டேன். சாக்குத் தேய்த்தேன். ஆறுக்கு ஆறு வரை கொண்டுவந்தேன். கடைசி ஆட்டம். மேஜையில் எட்டும் ஒன்பதும் மட்டும். எட்டைப் போட்டு ஒன்பதைப் போட்டால் நாங்கள் முதல் பிரிவில் நிற்போம். ஒன்பது பாக்கெட் வாயிலேயே கிடந்தது, ஊதினால் விழும். எட்டும் சுலபம்தான், ஆனால் வெள்ளைப் பந்து மேஜையின் நடுவில், எட்டாத தூரத்தில். முட்டுக்கோல் கேட்டு வாங்கி அதன் மேல் என் கோலை வைத்து ஆட வேண்டிய அடி. முப்பது வருடமாக அப்படித்தான் ஆடியிருக்கிறேன். ஆனால் ஐந்து வாரமாக எனக்கு வயிறு இல்லை, மாப்பிள்ளை. நான் அப்படியே மேஜை மேல் சாய்ந்து நீட்டினேன். கை எட்டியது. கோல் எட்டியது. அத்தை பின்னிக் கொடுத்த சாம்பல் நிற ஸ்வெட்டரும் எட்டியது. எட்டாம் பந்தைத் தொட்டு, ஒரு அங்குலம் உருட்டியது.

"தப்பாட்டம்" என்றார் நடுவர் அம்மாள். வெலிச்கோவின் கையில் வெள்ளைப் பந்தைக் கொடுத்து, எங்கே வேண்டுமானாலும் வைத்து ஆடிக்கொள்ளச் சொன்னார்கள். அவர் வைத்தார். எட்டு. ஒன்பது. என் விரல், என்னைக் கேட்காமலேயே, மேஜையின் மர விளிம்பில் ஏதோ தடவிக்கொண்டிருந்தது. அடித்ததை இல்லையென்று ஆக்கி, ஒரு ஆட்டம் பின்னால் போகும் பொத்தான் உங்கள் விளையாட்டில் அந்த இடத்தில்தான் இருக்கிறது.

திரும்பி வரும் பேருந்தில் மூன்று மணி நேரம் தோன்கா சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார். கண்ணாடி ஆவி படிந்து வெளியே ஒன்றும் தெரியவில்லை, இருந்தாலும் பார்த்தார். ரூசே நிலையத்தில் இறங்கியதும் நான், "செவ்வாய்க்கிழமை..." என்று ஆரம்பித்தேன்.

"தோத்தது பரவாயில்ல தசேவ். நானும் நிறைய தோத்திருக்கேன்" என்றார். "கவலைப்படாதே, நான் பார்த்துக்கறேன்னு சொன்னே பாரு, அதைத்தான் என்னால தாங்க முடியல. கொஞ்ச நாள் என்னைக் கூப்பிடாதே."

இன்றோடு பதினைந்து நாள். மண்டபம் போன செவ்வாய் திறந்துவிட்டது. புதுத் துணி, புது குஷன், சுவரில் புது வண்ணம். பதினொரு மணிக்குப் போய் உட்கார்ந்திருந்தேன். அவர் வியாழக்கிழமைக்கு மாற்றிக்கொண்டுவிட்டதாகச் சொன்னார்கள். தனியாக ஒரு மணி நேரம் ஆடினேன். எதிரே யாரும் ஆரஞ்சு உரிக்காதபோது பந்து விழுகிற சத்தம் இவ்வளவு பெரிதாகக் கேட்கும் என்று எனக்குத் தெரியாது.

உங்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை, மாப்பிள்ளை. கத்தி வாங்கிக் கொடுத்தவரை, விரலை வெட்டிக்கொண்டவன் திட்டக் கூடாது. ஆனால் நிஜம் என்று பெயர் வைத்துவிட்டால் நிஜத்தின் தொல்லைகளும் அதில் இருக்க வேண்டும். ஆகவே நான் கேட்டுக்கொள்வது: ஆட்டக்காரனுக்கு வயிறு வையுங்கள். சாக்குத் தேய்க்க மறந்தால் கோல் வழுக்கட்டும். மணிக்கணக்கில் ஆடினால் கை நடுங்கட்டும், முதுகு வலிக்கட்டும். எட்டாத பந்து எட்டாமலே இருக்கட்டும். ஈரத்தை உள்ளே விடுங்கள். பின்னால் போகும் பொத்தானைப் பிடுங்கி டான்யூபில் போடுங்கள். பதினான்காவதாக, கடைசிக் குறை: உங்கள் மேஜைக்கு எதிர்ப்பக்கத்தில் ஒரு நாற்காலி இருக்கிறது, படத்தில் அழகாக வரைந்திருக்கிறீர்கள், அதில் யாரும் உட்கார்ந்திருப்பதில்லை. இதை எப்படிச் சரிசெய்வது என்று எனக்கே தெரியாது. குறிப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்தப் பதினான்கையும் சரிசெய்யும்வரை இந்த விளையாட்டை எந்த நல்ல ஆட்டக்காரனுக்கும் கொடுக்கக் கூடாது என்பது என் தீர்மானமான அபிப்பிராயம். கம்ப்யூட்டரை நாளைக்கே துணி போட்டு மூடி, துணி உலர்த்தும் அறைக்கு அனுப்பப்போகிறேன்.

எலிட்சாவை வெறும் வயிற்றில் காப்பி குடிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், ஒருவர் பேசும்போது மற்றவர் திரையைப் பார்க்காமல், நீடூழி வாழ வேண்டும் என்று ஆசீர்வதிக்கிறேன். ஈஸ்டருக்குக் கட்டாயம் வர வேண்டும். ஆட்டுக்குட்டிக்கு அத்தை இப்போதே சொல்லி வைத்துவிட்டாள்.

தங்கள் நலம் விரும்பும் மாமனார்,
போகோமில் தசேவ்

பின்குறிப்பு. மார்ச் 4, செவ்வாய்.

நேற்று தேசிய விடுமுறை, தபால் நிலையம் மூடியிருந்தது. அதனால் மேலே எழுதியது இன்னும் சமையலறை மேஜையிலேயே கிடக்கிறது. இன்று காலை பதினொரு மணிக்கு அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தால் தோன்கா. வலது கையில் விரல் நுனியிலிருந்து முழங்கை வரை மாவுக்கட்டு. நேற்று தன் வீட்டு வாசற்படியில் ஈரப் பனியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு உடைந்துவிட்டதாம். கோடை முடிகிறவரை கோலைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். "வலிக்குதா?" என்றேன். "டாக்டர் கேட்டுட்டார், நீ வேற எதாவது கேளு" என்று உள்ளே வந்து, கோட்டை அத்தையிடம் கொடுத்துவிட்டு, நேராக சமையலறைக்குப் போய், "எழுந்திரு தசேவ், அந்த நாற்காலி எனக்கு வேணும்" என்றார். நான் நின்றுகொண்டுதான் இருந்தேன்.

முதலில் உங்களுக்கு எழுதிய கடிதத்தைக் கண்டுவிட்டார். தடுக்கப் பார்த்தேன், மாவுக்கட்டுக் கையால் தள்ளிவிட்டார். ஏழு பக்கத்தையும் படித்தார். அத்தையும் அவர் தோளுக்கு மேலே எட்டிப் படித்தாள். கடைசியில் தோன்கா கண்ணாடியைக் கழற்றி, "பதினாலு குறை எழுதியிருக்கே. உன் ஸ்வெட்டரைப் பத்தி ஒண்ணுகூட இல்லையே" என்றார். அத்தை சிரித்த சிரிப்பில் அலமாரிச் சாவி கையிலிருந்து விழுந்தது. பிறகு மூவருமே சிரித்தோம். பதினேழு நாளுக்குப் பிறகு அந்த மனுஷி என் வீட்டில் சிரித்தார், மாப்பிள்ளை.

அப்புறம் மவுஸை இடது கையில் பிடித்தார். முதல் ஆட்டத்தில் வெள்ளைப் பந்தை மூன்று முறை மேஜைக்கு வெளியே அனுப்பினார். இரண்டாவதில் ஒரு முறை. மூன்றாவதிலிருந்து எனக்கு ஆட வாய்ப்பே வரவில்லை. வழிகாட்டும் அந்த மெல்லிய கோட்டை அணைத்துவிட்டுத்தான் ஆடுகிறார். "இதுல கையை ஊன்ற வேண்டியதில்ல, கோலைத் தூக்க வேண்டியதில்ல, குனிய வேண்டியதில்ல. ஒத்தைக் கையோட ஆட முடியுது. இதைப் போய்க் கெடுக்கச் சொல்லி எழுதியிருக்கியே, நீயெல்லாம் மனுஷனா?" என்கிறார்.

ஆகவே மேலே எழுதியதைத் தயவுசெய்து கூட்டத்தில் படிக்க வேண்டாம். கை நடுங்க வேண்டாம், முதுகு வலிக்க வேண்டாம், வயிறும் வேண்டாம்; பதினான்கையும் அப்படியே விட்டுவிடுங்கள். பந்துகளுக்கு மூக்கு வரைவதாக யாராவது சொன்னால் மட்டும் என் பெயரைச் சொல்லிச் சண்டை போடுங்கள். ஒரே ஒரு திருத்தம்தான் தேவை: இடது கையில் மவுஸ் பிடிப்பவருக்கு, மேஜையைத் திருப்பிப் பார்க்கும் பொத்தான்கள் எல்லாம் கீபோர்டின் வலது பக்கத்தில், மாவுக்கட்டுக்கு அடியில் மாட்டிக்கொள்கின்றன. அவற்றை இடம் மாற்றிக் கொடுக்க முடியுமா? இனிச் செவ்வாய், வியாழன் இரண்டு நாளும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். இன்னும் எழுத ஆசைதான். ஆனால் நான் எழுதுவதும் அவர் ஆடுவதும் ஒரே மேஜையில், ஒன்பதாம் பந்துக்குக் குறிபார்த்துக்கொண்டு "ஆட்டாதே தசேவ், ஆட்டாதே" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்கிறார், எனவே பேனாவை இத்துடன்...